ஓய்வறியாக் கணனி: வேலையற்ற வேளையில் முறைவழியாக்கியின் வேகமும் வெப்பமும்

கணனியொன்றை இயக்கிவிட்டு, எந்தச் செய்நிரலையும் திறவாது அதன்முன் அமர்ந்திருக்கையில், உள்ளிருக்கும் மின்விசிறி இரைந்து சுழல்வதும், வெப்பநிலை காட்டும் மென்பொருள் 70 பாகை செல்சியசு என்றோ அதற்கு மேலோ அறிவிப்பதும், முறைவழியாக்கியின் மீடிறன் உச்சத்திலேயே நின்று இறங்க மறுப்பதும் இன்று பலரும் கூறும் முறைப்பாடாகும். இதற்கு இரு மருந்துகள் உடனடியாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, வெப்பப்பசையை மாற்றுக என்பது. மற்றையது, பணிசெயல் முறைமையை அழித்து மீள நிறுவுக என்பது. இவை சிற்சில வேளைகளிற் பயன்தருவன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், நோய் யாதென அறியுமுன் தரப்படும் மருந்துகள் அவை. முன்னையது கைத்தேர்ச்சியற்றோரால் செய்யப்படுமிடத்துப் பொருளுக்குச் சேதம் விளைக்கும். பின்னையது ஆண்டுக்கணக்காகத் திரட்டிய ஆய்வுத் தரவுகளைப் பிரதி எடுத்து வைக்காத மாணவருக்குப் பேரிழப்பாய் முடியலாம்.

வேகம், வெப்பநிலை, வலு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகித்தல் தவறு. கணனியின் ஓய்வு என்பதும் வெறுமனே வேலையின்மை அன்று. அது பணிசெயல் முறைமை முயன்று உண்டாக்கும் ஒரு நிலை. ஓய்வு குலைந்த கணனியில் நாம் தேடவேண்டியது, அதனைக் குலைப்பது எது என்பதையே. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பௌதிக அடிப்படையைச் சுருங்க நோக்குவோம். முறைவழியாக்கியிலுள்ள திரான்சிற்றர்கள் நிலைமாறும்போது செலவாகும் வலுவானது மீடிறனுக்கு நேர்விகித சமமாகவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகவும் அமையும். உயர்ந்த மீடிறனில் இயங்குதற்கு உயர்ந்த வோல்ற்றளவும் வேண்டியிருத்தலின், இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. உதாரணமாக, 1.3 வோல்ற்றில் 4 கிகாஹேட்ஸ் வேகத்தில் ஓயாது இயங்கும் ஒரு கரு, 0.7 வோல்ற்றில் 0.8 கிகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கும்போது செலவிடுவதைவிட ஏறத்தாழ 17 மடங்கு வலுவைச் செலவிடும். இதனோடு, நிலைமாற்றம் எதுவும் நிகழாதபோதும் திரான்சிற்றர்களினூடாகக் கசியும் மின்னோட்டமும் உண்டு. 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட்டும் அவர்தம் சகாக்களும் வகுத்த விதிப்படி, திரான்சிற்றர் சிறுத்துக்கொண்டே செல்ல, ஒரே பரப்பில் உண்டாகும் வெப்பம் மாறாதிருத்தல் வேண்டும். ஏறத்தாழ 2005ஆம் ஆண்டளவில் அவ்விதி பயன்படாதொழிந்தமைக்கு இக்கசிவு ஒரு முக்கிய காரணமாகும். அன்றுமுதல், வேலையற்ற கருவுக்கு மின்னூட்டத்தையே துண்டித்துவிடுதல் அவசியமாயிற்று.

இனி, ஓய்வு என்பது யாது? பணிசெயல் முறைமைக்குச் செய்யவேண்டிய பணி எதுவும் இல்லாதவிடத்து அது என் செய்யும் என்பதே வினா. பழைய முறைமைகள், பணி வந்ததா பணி வந்ததா என்று கேட்டுக்கொண்டே ஒரு வெறுஞ்சுற்றிற் சுழன்றன. வாசலிற் காத்திருப்பவன் உட்காராமல் ஓடிக்கொண்டே காத்திருந்தாற்போல்வது அது. இன்ரெல் நிறுவனத்தின் 8086 முறைவழியாக்கியிலேயே, அடுத்த குறுக்கீடு வரும்வரை செயலை நிறுத்துமாறு பணிக்கும் கட்டளை ஒன்று இருந்தது. ஆயினும், அக்கட்டளையால் மின்சாரத்தை மீதப்படுத்தும் வண்ணம் இன்ரெல் முறைவழியாக்கி அமைக்கப்பட்டது 1994இல் வெளிவந்த டீ.எக்ஸ்.4 வகையிலேயே ஆகும். அதற்குப் பின்னரும் விண்டோஸ் 95 அக்கட்டளையைப் பயன்படுத்தவில்லை. அதனைப் பெற்றதும் சில மடிக்கணனிகள் மீளாது உறைந்துபோயின என்பது காரணமாகக் கூறப்பட்டது. எனவே, அக்காலத்தில் ஆர்வலர்கள் சிறு செய்நிரல்களைத் தனியே நிறுவித் தம் கணனிகளை உறங்கவைத்தனர். இன்று நாம் எதிர்நோக்கும் சிக்கலின் முன்வடிவம் அதுவே எனலாம்.

1996இன் இறுதியில் இன்ரெல், மைக்கிரோசொவ்ற், தோசிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட வலு முகாமைத்துவ நியமம் இந்நிலையை மாற்றியது. அதன்வழி, உறக்கத்துக்குப் படிகள் வகுக்கப்பட்டன. சி-0 என்பது விழிப்பு நிலை, சி-1 கண்மூடல், எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகும். பிற்காலத்து முறைவழியாக்கிகளில் ஆழ்ந்த படிகளில் கருவின் மின்னூட்டமே துண்டிக்கப்படுகிறது. ஆழ்ந்து உறங்கியவனை எழுப்பக் காலம் எடுப்பது போல, ஆழ்ந்த படியிலிருந்து மீளவும் காலம் எடுக்கும். அது பத்துக்கணக்கில் இருந்து நூற்றுக்கணக்கான மைக்கிரோசெக்கன் வரை செல்லலாம். ஆகையால், அடுத்த அழைப்பு விரைவில் வரும் என்று எதிர்பார்க்கும் பணிசெயல் முறைமை கருவை ஆழ உறங்கவிடாது. இவ்வொரு செய்தியைப் பின்னர் வருவனவற்றுக்காக நினைவிற் கொள்க.

இவ்விடத்தில் பரவலான ஒரு மயக்கத்தைச் சுட்டுதல் தகும். விண்டோசின் டாஸ்க் மனேஜரில் ‘சிஸ்டம் ஐடில் புறொசெஸ்’ என்னும் பெயருக்கு நேரே 97 அல்லது 98 சதவீதம் எனக் காணும் சிலர், அதுவே கணனியை வாட்டும் செய்நிரல் என எண்ணி அதனை நிறுத்த முயல்கின்றனர். அது செய்நிரல் அன்று. வேலையற்றுக் கழிந்த நேரத்தின் கணக்கு. அது எத்துணை உயர்வாக உள்ளதோ அத்துணை நன்று.

அடுத்து மீடிறனைக் கவனிப்போம். உச்ச மீடிறன் காட்டப்படுவதனாலேயே கணனிக்கு நோய் உண்டெனல் பொருந்தாது. இக்கால முறைவழியாக்கிகள் பல, பணி வந்தவுடன் விரைந்து எழுந்து, விரைந்து முடித்து, விரைந்து உறங்குதலையே சிக்கனமாகக் கொள்கின்றன. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் 4 கிகாஹேட்ஸ் வேகத்தில் விழித்திருந்து, எஞ்சிய 99 பங்கில் மின்னூட்டமின்றிக் கிடக்கும் கரு வெப்பத்தை அரிதாகவே உண்டாக்கும். அளவிடும் மென்பொருளோ அக்கரு விழித்திருந்த கணத்து வேகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகும். அன்றியும், அளவிடும் மென்பொருளும் ஒரு செய்நிரலே. ஒவ்வொரு கருவையும் எழுப்பி, ‘நீ உறங்குகிறாயா?’ என்று கேட்பது போன்றது அதன் செயல். 2019 யூலையில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் மூன்றாந் தலைமுறை றைசன் முறைவழியாக்கிகள் வெளிவந்தபோது, வேலையற்ற வேளையிலும் உயர்ந்த வோல்ற்றளவும் மீடிறனும் காணப்படுவதாகப் பலர் முறையிட்டனர். அடிக்கடி வினவும் அளவீட்டு மென்பொருள்களே கருக்களை எழுப்பிவிடுகின்றன என்பது அந்நிறுவனம் தந்த விளக்கங்களுள் முக்கியமானது.

வெப்பநிலை வாசிப்பும் முற்றாக நம்பத்தக்கதன்று. 2017இல் வெளிவந்த றைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை மின்விசிறியைக் கட்டுப்படுத்துவதற்கென அறிவித்த வெப்பநிலை, உண்மையான வெப்பநிலையிலும் 20 பாகை கூடுதலாக அமைக்கப்பட்டிருந்தது. இதனை அறியாத மென்பொருள், 40 பாகையில் இருந்த முறைவழியாக்கியை 60 எனக் காட்டிற்று. அதனைக் கண்டு குளிர்த்தியைக் கழற்றி மாற்றியோர் வீண் செலவே செய்தனர். இன்ரெல் முறைவழியாக்கிகளின் உணரிகளோ, உச்ச எல்லையிலிருந்து எவ்வளவு கீழே உள்ளோம் என்பதையே அளக்கின்றன. பல வகைகளில் அவ்வெல்லை 100 பாகை. எல்லைக்கு அண்மையில் அவை செம்மையாகவும், தாழ்ந்த வெப்பநிலைகளில் செம்மை குன்றியும் இருக்கும். ஆதலின், ஓய்வு நிலையில் ஒரு கரு 38, மற்றொன்று 43 எனக் காட்டுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அவ்வாறாயின் எதனைப் பார்ப்பது? வலுவைப் பார்த்தல் வேண்டும். இக்கால முறைவழியாக்கிகள் தாம் செலவிடும் வலுவை மதிப்பிட்டு வாற்றில் அறிவிக்கின்றன. அளவீட்டு மென்பொருள்கள் அதனையும் காட்டும். வெப்பநிலை உயர்வுக்குக் காரணங்கள் இரண்டே: வெப்பம் மிகுதியாக உண்டாதல், உண்டான வெப்பம் வெளியேறாதிருத்தல். அறையின் வெப்பநிலைக்கு மேலான உயர்வானது, வலுவையும் குளிர்த்தித் தொகுதியின் வெப்பத் தடையையும் பெருக்கிய பெறுமானமாகும். ஒரு வாற்றுக்கு 0.5 பாகை வெப்பத் தடையுடைய குளிர்த்தி ஒன்றைக் கொள்க. அறை 31 பாகை. முறைவழியாக்கி 12 வாற்று. எதிர்பார்க்கத்தக்க வெப்பநிலை 37 பாகை. அதே கணனி 75 பாகை காட்டுமாயின், உயர்வு 44. அதனை 12ஆல் வகுக்க வெப்பத் தடை ஏறத்தாழ 3.7 ஆகும். இருக்கவேண்டியதினும் ஏழு மடங்கு. இங்கே மென்பொருளைக் குறைகூற இடமில்லை, குளிர்த்தியே பிழைத்தது. மாறாக, வலு 60 வாற்று, வெப்பநிலை 61 எனக் காணின், குளிர்த்தி தன் கடமையைச் செவ்வனே ஆற்றுகின்றது. வேலையற்ற வேளையில் 60 வாற்று ஏன் என்பதே வினா. இவ்வொரு வகுத்தற் கணக்கு, மேற்கூறிய இரு மருந்துகளுள் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

அறையின் வெப்பநிலையைக் கூட்டிக் கணிக்கவேண்டும் என்பது நம் நாட்டவர்க்கு முக்கியமானது. குளிர்நாட்டவர் 20 பாகை அறையில் அளந்து எழுதிய எண்களோடு, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ 32 பாகை அறையில் அளந்ததை ஒப்பிட்டுக் கலங்குவோர் பலர். அந்த 12 பாகை வேறுபாடு கணனியின் குற்றமன்று. பயோஸ் திரையில் காட்டப்படும் வெப்பநிலையை ஓய்வு வெப்பநிலையாகக் கொள்வதும் தவறு. அத்திரை நிற்கும்போது உறக்கப் படிகளை ஆளும் பணிசெயல் முறைமை இன்னும் ஏற்றப்படவில்லை. பயோஸ் விசைப்பலகையை நோக்கி வெறுஞ்சுற்றிலேயே சுழன்றுகொண்டிருத்தல் வழக்கம்.

குளிர்த்திப் பிழைகளை நீள விளக்க வேண்டியதில்லை. சுமையைக் கொடுத்துப் பார்த்தால் அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். சுமை ஏறிய ஓரிரு செக்கனுக்குள் வெப்பநிலை 90ஐத் தாண்டிப் பாயுமாயின், முறைவழியாக்கிக்கும் உலோகத்துக்கும் இடையிலான தொடுகை பழுதுற்றிருத்தல் கூடும். நல்ல நிலையிலும் ஓரளவு பாய்ச்சல் உண்டெனினும் இத்துணை இராது. காய்ந்த பசை, கழன்ற பிளாத்திக்குத் தாங்கி, புதிய குளிர்த்தியின் அடியிலிருந்து உரிக்க மறந்த மெல்லிய தாள் என்பன இவ்வகைக் காரணங்கள். நிமிடக்கணக்கில் மெல்ல ஏறி, சுமை நீங்கிய பின்னும் மெல்லவே இறங்குமாயின் காற்றோட்டம் தடைப்பட்டுள்ளது. தகடுகளிடையே படிந்த தூசியையும் விசிறியையும், நீர்வழிக் குளிர்த்தியாயின் அதன் பம்பியையும் நோக்குக. மடிக்கணனியை மெத்தைமேல் வைத்து இயக்குவோருக்கு வேறு ஆய்வு வேண்டியதில்லை.

இனி, வலு மிகுந்த கணனிக்கு வருவோம். எளிய காரணம் ஒன்றை முதலில் நீக்கிவிடுக. விண்டோசின் வலுத் திட்டங்களில் முறைவழியாக்கியின் குறைந்தபட்ச நிலை என ஓர் அமைப்பு உண்டு. சமநிலைத் திட்டத்தில் அது பொதுவாக 5 சதவீதம். உயர் செயற்றிறன் திட்டத்தில் 100 சதவீதம். விளையாட்டு மென்பொருளோ உற்பத்தியாளர் சேர்த்துத் தரும் மென்பொருளோ பயனர் அறியாமல் பின்னையதற்கு மாற்றிவிடுதல் உண்டு. பயோசில் உறக்கப் படிகள் அணைக்கப்பட்டிருத்தலும் இத்தகையதே. வேகத்தை மிகைப்படுத்தும் விருப்பில் என்றோ ஒருநாள் அணைத்தவர் அதனை மறந்துபோயிருப்பார்.

இவை சரியாயிருந்தும் வலு இறங்காவிடில், உறங்கவிடாது எழுப்புவது எது என்று தேடவேண்டும். இத்தேடலில் இரு வகையினரைப் பிரித்தறிதல் நன்று. முதல் வகையினர் உண்மையாகவே உழைப்பவர்: வைரசுத் தடுப்பு மென்பொருளின் வருடல், கோப்புச் சுட்டி தயாரித்தல், இற்றைப்படுத்தல் முதலியன. விண்டோஸ் 8 வெளியான 2012 முதல், கணனி வேலையற்றிருக்கும் வேளையையே தேர்ந்து பராமரிப்புப் பணிகளைச் செய்யும் ஏற்பாடு அதில் உண்டு. பயனர் சுட்டியைத் தொட்டதும் அப்பணி நின்றுவிடும். ‘நான் பார்க்கும்போது ஒன்றும் இல்லை, எழுந்து போனதும் விசிறி இரைகிறது’ என்று வியப்போர் காண்பது பெரும்பாலும் இதுவே. ஆனால், இதே நடத்தையைத் தீயோரும் பின்பற்றுவர் என்பதை மறத்தலாகாது. பிறர் கணனியில் ஒளிந்திருந்து மறைகுறி நாணயம் அகழும் செய்நிரல்கள் சில, டாஸ்க் மனேஜர் திறக்கப்பட்டதும் அடங்கிவிடுமாறு எழுதப்பட்டுள்ளன. 2017 முதல் 2019 மார்ச் வரை இயங்கிய கொயின்கைவ் சேவையின் நிரல், இணையப்பக்கம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாலே போதும், வாசகரின் முறைவழியாக்கியை உழைக்கவைத்தது. பராமரிப்புப் பணி சில மணிநேரத்தில் முடிவுறும். அகழ்வோன் பணி முடிவதில்லை. ஓரிரவு முழுவதும் வலுவைப் பதிவுசெய்து பார்ப்பின் வேறுபாடு புலனாகும்.

இரண்டாம் வகையினரே கண்டறிதற்கு அரியர். இவர்கள் உழைப்பதில்லை, எழுப்புவதோடு சரி. விண்டோசின் இயல்பான நேரக் குறுக்கீடு 15.6 மில்லிசெக்கனுக்கு ஒன்று, அதாவது செக்கனுக்கு 64. ஒலி, ஒளிக் காட்சி முதலியவற்றைக் கையாளும் செய்நிரல் விரும்பினால் இதனை 1 மில்லிசெக்கனாகக் குறைக்குமாறு கோரலாம். அப்போது செக்கனுக்கு ஏறத்தாழ 1000 முறை தட்டி எழுப்பப்படும் கரு ஆழ்ந்த படிகளில் தங்குவது அரிது. டாஸ்க் மனேஜரோ 1 சதவீதம் என்றே காட்டும். லினக்ஸ் உலகில் 2007 இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் வெளியான 2.6.21 பதிப்பு, வேலையற்ற வேளையில் ஒழுங்காக அடிக்கும் துடிப்பையே நிறுத்திவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் இன்ரெல் வெளியிட்ட பவர்ரொப் என்னும் மென்பொருள், கருவைச் செக்கனுக்கு எத்தனை முறை யார் யார் எழுப்பினர் என்று பட்டியலிட்டது. யாருக்கும் தெரியாது எழுப்பிக்கொண்டிருந்த செய்நிரல்கள் பல அதன் பின்னரே திருத்தப்பட்டன. என் எண்ணத்தில், இச்சிக்கலுக்கு இன்றுவரை வந்த கருவிகளுள் சதவீதத்தை விடுத்து எழுப்பல்களை எண்ணிய இதுவே மிகப் பொருத்தமானது. வன்பொருளும் எழுப்பவல்லது. பழுதுற்ற ஒரு பாகமோ பிழையான பயோசோ இடைவிடாது குறுக்கீடுகளைப் பொழியுமாயின், லினக்சில் ‘கேவேர்க்கர்’ என்னும் பெயரிலுள்ள இழையொன்று ஒரு கருவை முழுதாக விழுங்கும். அப்பெயரை நிறுத்த முயல்வது பயனற்றது. எந்தக் குறுக்கீட்டின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது எனப் பார்த்து அதனை அடைத்தல் வேண்டும்.

ஓய்வு குலைதல் எத்துணைப் பெரிய அளவில் நிகழக்கூடும் என்பதற்கு 2012ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்றாகும். புவிச் சுழற்சியோடு கடிகாரத்தை ஒத்திசைவிக்கும் பொருட்டு, அவ்வாண்டு யூன் 30ஆந் திகதியின் இறுதியில், உலகப் பொது நேரத்தில் ஒரு செக்கன் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டது. இலங்கையில் அப்போது யூலை 1, காலை 5.30 மணி. அக்கணத்தில் லினக்ஸ் முறைமையின் கடிகாரம் ஒரு செக்கன் பின்னகர்ந்தது. ஆனால், உறங்குவோரை உரிய நேரத்தில் எழுப்பும் உட்பகுதிக்கு அச்செய்தி அறிவிக்கப்படவில்லை. அப்பகுதியின் கணக்கு ஒரு செக்கன் முன்னே நின்றது. ஒரு செக்கனுக்குக் குறைவான நேரம் உறங்க விரும்பி, இன்ன நேரத்தில் என்னை எழுப்புக என்று கூறிச் சென்ற செய்நிரலை, அந்நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என எண்ணி அக்கணமே எழுப்பிற்று. எழுந்த செய்நிரல் தனக்கு வேலை இல்லை எனக் கண்டு மீண்டும் உறங்கச் சென்றது, மீண்டும் எழுப்பப்பட்டது. ஜாவா மொழியில் எழுதப்பட்டனவும், மைசீக்குவல் தரவுத்தளமும் செய்வதற்கு ஒன்றுமின்றியே முறைவழியாக்கிகளை முழுதாக ஆட்கொண்டன. றெடிற், மொசில்லா முதலிய தளங்களின் சேவைகள் தடுமாறின. செருமனியில் ஆயிரக்கணக்கான வழங்கிக் கணனிகளை வைத்து நடத்தும் ஹெற்ஸ்னர் நிறுவனம், தன் மின்நுகர்வு அவ்விரவில் ஏறத்தாழ 1 மெகாவாற்றால் உயர்ந்ததாக வாடிக்கையாளருக்கு அறிவித்தது. பயன் தரும் கணக்கீடு ஒன்றேனும் கூடாது, ஒரு மெகாவாற்று வெப்பமாயிற்று.

இதற்குரிய பரிகாரம் மிக எளிதாயிருந்தது. கணனியின் திகதியை அதே திகதிக்கு மீளக் குறித்துவிட்டாற் போதும். விடுபட்ட செய்தி உட்பகுதிக்குச் சென்று சேர்ந்துவிடும். அதனை அறியாதோர் கணனியை மீளத் தொடக்கிக் குணங்கண்டனர்.

மீளத் தொடக்குதல் பற்றி ஒரு சொல் வேண்டும். ‘ஒவ்வோரிரவும் அணைத்துவிடுகிறேன், ஆயினும் மறுநாள் அதே வெப்பம்’ என்று கூறும் விண்டோஸ் பயனர்கள் பலர். விண்டோஸ் 8 முதல், விரைவுத் தொடக்கம் என்னும் வசதி பல கணனிகளில் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. அதன்படி, அணைத்தற் கட்டளை பணிசெயல் முறைமையின் மையப்பகுதியை முற்றாக மூடாது, அதன் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டே அணைகிறது. மறுநாள் அதே நிலையை, ஆங்கிருந்த கோளாறுகளோடு, மீட்டெடுக்கிறது. ‘றீஸ்ராட்’ என்னும் மீள்தொடக்கக் கட்டளையே அனைத்தையும் புதிதாக ஏற்றும். ஆகவே, பசையையோ வட்டையோ தொடுமுன் அக்கட்டளையைக் கொடுத்து, பத்து நிமிடங்கள் கணனியைத் தன்பாட்டில் விட்டு, பின்னர் வாற்று எத்தனை எனப் பார்க்க.